தம்பி எந்திரிச்சுட்டான்

வீரபாண்டிக்கு நீங்கள் ஒரு தடவையாவது வந்திருப்பீர்கள். தேனியில் கம்பம் பஸ் ஏறி, உட்கார இடம் பிடிப்பதற்குள் எங்கள் ஊர் வந்துவிடும். சித்திரையில் வந்திருந்தால் கௌமாரியம்மன் கோயில் கூட்டத்தில் சிக்கியிருப்பீர்கள். தீச்சட்டி, ஆயிரங்கண் பானை, ராட்டினம், மிளகாய் பஜ்ஜி, காணாமல் போன பிள்ளைகளின் பெயரை மைக்கில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு குரல் என்று எட்டு நாள் ஊர் தூங்காது. மற்ற நாளில் வந்தால் முல்லையாற்றில் ஒரு முங்கு போட்டுவிட்டு ஈரத்துண்டோடு அம்மனைப் பார்த்துவிட்டுப் போயிருப்பீர்கள். கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. வாசலில் முருங்கை மரம் நிற்கும்.

அந்த வீட்டில்தான் நான் மூன்று வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்தேன்.

சிரிக்காதீர்கள். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அப்போது நாங்கள் மதுரையில் இருந்தோம். பெரியவளுக்கு எட்டு வயசு, பையனுக்கு நாலு. எனக்குக் கம்ப்யூட்டரில் கம்பெனிக் கணக்கு எழுதுகிற வேலை. நெட் இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம். வாடகையை மிச்சம் பிடிக்க ஊருக்கு வந்துவிட்டோம். ஆன்லைன் வகுப்பு என்ற பெயரில் ஒரே போனை இரண்டு பேரும் பிடுங்கிக்கொண்டு கிடந்ததை ஒரு மாசம் பார்த்தேன். பிறகு போனை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, 'நானே சொல்லித் தருகிறேன், வாங்க' என்று உட்கார்ந்தேன். தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் சின்ன வகுப்புகளைத் திறந்தார்கள். அதற்குள் எனக்கு ஹெட்மாஸ்டர் பதவி பிடித்துப்போயிருந்தது. இரண்டு பேரையும் திருப்பி அனுப்பவில்லை.

சொந்தக்காரர்கள் விடுவார்களா? "பிள்ளைகளுக்கு ஸ்கூல் லீவா?" என்று ஆரம்பித்தார்கள். ஆவணியிலும் அதே கேள்வி, தையிலும் அதே கேள்வி. கடைசியில் ஒரு சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஃபீஸு கட்ட முடியலையாப்பா? சொல்லு, பாத்துக்கலாம்" என்றார். அவரிடம் போய், வீட்டுக்கல்வி என்று உலகத்தில் ஒன்று இருக்கிறது, வீட்டிலேயே படித்துவிட்டு 14 வயசானதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், நம் மாநிலத்திலேயே பன்னிரண்டரை வயசு முடிந்தால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம் என்றெல்லாம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ஃபீஸுதான் பிரச்சினை" என்று முடித்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். 2010 ஏப்ரல் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரைக்கும் பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது எழுதிவைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் என் மாதிரி ஆட்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம்.

பாடம் நன்றாகத்தான் போனது, பொய் சொல்லக் கூடாது. வாய்க்கால் ஓரமாக நடந்துகொண்டே பூகோளம். தென்னந்தோப்பில் வெட்டுக்காரர் போடுகிற காயை எண்ணிப் பெருக்கல். 1895இல் பெனிகுவிக் கட்டிமுடித்த அணையிலிருந்து மலையைக் குடைந்து தண்ணீர் கிழக்கே வருகிற கதையை ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்து சொன்னேன். திருவிதாங்கூர் மகாராஜாவும் வெள்ளைக்கார சர்க்காரும் 1886இல் போட்ட ஒப்பந்தம் 999 வருஷத்துக்கு என்றதும் பையன் தரையில் கூட்டிப் பார்த்து, "2885ல முடியும்ப்பா. அப்ப நமக்கு இந்த வீடு இருக்குமா?" என்று கேட்டான். இந்தக் கேள்வி எந்தப் பள்ளிக்கூடத்தில் வரும் என்று அன்றைக்கு முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

என் வேலை நேரத்தில் பையனுக்குப் பெரியவள்தான் வாத்தியார். இதற்கும் என்னிடம் ஒரு சரித்திரம் இருந்தது. 1789 வாக்கில் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதி ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அசந்துபோனார். மூத்த பிள்ளைகளைக் கொண்டே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முறையை அமைத்து, அதை 1797இல் லண்டனில் புத்தகமாகவே போட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்று அங்கே அதற்குப் பெயர். நம்ம ஊர் சட்டாம்பிள்ளை கப்பல் ஏறிய கதை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லி, "நம்ம வீட்லயும் அதுதான்" என்பேன். பெரியவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

2023 சித்திரையில் மூன்றாவது பிறந்தான். கோயிலில் கம்பம் நட்டு, விடிகாலையில் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நாட்கள். முதல் இரண்டும் சுகப்பிரசவம். இது ஆபரேஷன். கானாவிலக்கில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது ஊரே திருவிழா வெளிச்சத்தில் இருந்தது. வேட்டுச் சத்தத்துக்குப் பிள்ளை திடுக்திடுக்கென்று தூக்கிப்போட்டது.

கைக்குழந்தை இருக்கிற வீட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கொடியெல்லாம் துணி. அடுப்படியில் பூண்டுக் குழம்பும் பிரசவ மருந்தும் கலந்து ஒரு வாசம். உத்தரத்தில் சேலைத் தூளி. 'சேனை தொட்டு வைக்கணும்' என்று அம்மா ஆரம்பித்தாள். ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் தவிர தண்ணீர்கூடக் கூடாது என்று நர்ஸம்மா சொல்லியனுப்பியிருந்தார். என் மனைவி அசையவில்லை. அம்மாவும், "சரித்தா, உன் புள்ள" என்று விட்டுவிட்டாள். வசம்பு விஷயத்தில் மட்டும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் வசம்பைக் கருக்கி வளையலாகக் கையில் கட்டுவது, வாயில் தடவுவது இல்லை என்று ஒப்பந்தமானது. 999 வருஷத்துக்கு இல்லை, தலை நிற்கிற வரைக்கும்.

இப்போது வீட்டில் யார் யார் என்று பாருங்கள். மனைவிக்குத் தையல் ஆறவில்லை, கனம் தூக்கக் கூடாது. அம்மாவுக்கு 68 வயசு. காலை நீட்டிப் பிள்ளையைப் படுக்கப்போட்டுக் குளிப்பாட்டுகிற வரைக்கும் ராணி. எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டும், முழங்கால் அப்படி. நான் காலை ஒன்பதுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் கண் எடுக்க முடியாது. பையனுக்கு ஏழு வயசு. மீதி இருக்கிறது யார்?

யாரும் அவளிடம் 'தம்பியைப் பார்த்துக்கோ' என்று சொல்லவில்லை. அதைத்தான் நான் பின்னால் ரொம்ப யோசித்துப்பார்த்தேன். தூளி ஆடுகிற சத்தம் நின்றால் எழுந்து போனாள். அழுதால் தூக்கினாள். ஈரத்துணியை மாற்றினாள், அலசினாள், கொடியில் போட்டாள், மழை வந்தால் எடுத்தாள். பதினோரு வயசுப் பெண்ணின் இடுப்பு எவ்வளவு இருக்கும்? அதில் அவன் ஒட்டிக்கொண்டுவிட்டான். 'வாழ்க்கைக் கல்வி' என்று நான் பெருமைப்பட்டேன். புத்தகத்தில் படிப்பதைவிட இது பெரிசு இல்லையா என்று ஒரு நண்பரிடம் போனில் அரைமணி நேரம் பேசினேன். பேசுகிறபோது அவள் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள்.

ஆடி பிறந்திருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்து வயல்களில் நடவும் முடிந்து பச்சை கட்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஹெட்மாஸ்டர் இன்ஸ்பெக்‌ஷன். தினம் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதவேண்டும் என்பது எங்கள் பள்ளியின் விதி. பெரியவள் ஒரு நாள்கூட விடவில்லை. எழுத்து முத்து முத்தாக இருந்தது.

'காலை 6.10 தம்பி எந்திரிச்சுட்டான். 6.20 பால் குடித்தான். 6.50 துணி மாற்றினேன். 7.15 தூங்கினான். 7.40 எந்திரிச்சுட்டான்.'

அடுத்த பக்கமும் அதுதான். அதற்கடுத்த பக்கமும். மே மாசத்திலிருந்து ஜூலை வரைக்கும் எந்திரிச்சுட்டான், எந்திரிச்சுட்டான், எந்திரிச்சுட்டான். முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆகா, இதை வைத்து வரைபடம் போடச் சொல்லலாமே, ஒரு நாளைக்குச் சராசரி எத்தனை மணிநேரம் தூங்குகிறான் என்று கணக்குப் போடலாமே என்று தோன்றியது. அந்தச் சந்தோஷத்தில் கணக்கு நோட்டைத் திறந்தேன். கடைசிக் கணக்கு ஏப்ரல் 28. பின்னம். பாதியில் நின்றிருந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து வரிவரியாக வாசித்தாள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும். ஐந்தாம் வகுப்பு. ஐந்தோடு நின்றது வறுமையால் என்றுதான் சின்ன வயசிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டதில்லை.

"எங்க வீட்லயும் ஒண்ணும் சொல்லலய்யா" என்றாள் அம்மா.

"என்ன சொல்லல?"

"பள்ளிக்கூடம் போகாதன்னு யாரும் சொல்லல. காமராசர் சோறு போட்டாரு, ஃபீஸு கெடையாது, என்னத்துக்குப் போகாதம்பாங்க? உங்க மாமா பொறந்தான். ஆத்தா நடவுக்குப் போகணும். நான் தூக்கிக்கிட்டேன். ரெண்டு மூணு நாளு இடுப்புல வச்சுக்கிட்டே பள்ளிக்கூடம் போனேன். வாத்தியாரு நல்லவரு, வாசப்படி ஓரமா உக்காந்துக்கன்னாரு. இவன் கத்துவான். எந்திரிச்சு வெளிய வந்து ஜன்னல்கிட்ட நின்னு கேப்பேன். காதுக்குக் கேக்கும். எழுத முடியாது. புள்ள இடுப்புல இருந்தா ஒரு கை போயிருது, இன்னொரு கையில சிலேட்டு. எழுதுறதுக்குக் கை ஏது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். 1965 வாக்கில் நடந்தது. அந்த மாமாதான் பிற்பாடு படித்து சர்க்கார் வேலைக்குப் போனார். எங்கள் எல்லாருக்கும் காலேஜ் ஃபார்ம் வாங்கிக்கொடுத்தவர் அவர். அம்மா அவரை இன்னும் 'தம்பி'க்கு மேல் ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"இத ஏம்மா நீ முன்னாடியே சொல்லல?"

"நீ கேக்கலியே. நீ படிச்சவன், ஏதோ புதுசாச் செய்யுறன்னு நெனச்சேன்."

புதுசு. இது எவ்வளவு பழசு என்று அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். 1986இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையில் குழந்தைகள் காப்பகம் பற்றி ஒரு இடம் வருகிறது. எதற்காகக் காப்பகம் என்று அதில் காரணம் போட்டிருக்கிறார்கள். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்கிற பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகமுடியவேண்டும் என்பதற்காக. டெல்லியில் உட்கார்ந்து கொள்கை எழுதியவர்களுக்கு என் அம்மாவின் இடுப்பு தெரிந்திருக்கிறது. நம் தெருவில் பால்வாடி என்கிறோமே, 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம், அதைச் சத்துமாவு கொடுக்கிற இடம் என்று மட்டுமே நினைத்துவைத்திருந்தேன். அங்கே ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஒரு அக்காவின் கை காலியாக இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

தூக்கம் வராமல் காந்தியின் சுயசரிதையை எடுத்தேன். வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற எல்லாருக்கும் அவர்தானே குலதெய்வம்? 1897இல் டர்பனில் போய் இறங்கும்போது அவருடன் மூன்று பையன்கள். அக்காள் மகனுக்குப் பத்து வயசு, தன் பிள்ளைகளுக்கு ஒன்பதும் ஐந்தும். வெள்ளைக்காரர் பள்ளியில் சலுகையாக இடம் வாங்க மனசில்லை, மிஷன் பள்ளியும் பிடிக்கவில்லை. வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 1900இல் கடைசிப் பிள்ளை தேவதாஸ் பிறந்தபோது டாக்டர் கிடைக்காமல், புத்தகத்தில் படித்து வைத்திருந்ததை நம்பிப் பிரசவமே அவர்தான் பார்த்தார். பிற்பாடு ஜோகன்னஸ்பர்க்கில் ஆபீசுக்கு நடந்து போகும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார். போகவர மொத்தம் ஐந்து மைல். வழியெல்லாம் பேச்சுதான் பாடம். இதுவரைக்கும் நானும் அவரும் ஒன்று. வாய்க்கால் வரப்புக்குப் பதில் ஜோகன்னஸ்பர்க் ரோடு.

பிள்ளைகளின் எழுத்துப் படிப்புக்கு ஒழுங்காகத் தினம் ஒரு மணி நேரமாவது ஒதுக்க முடியாமல் போனதே என்று அவரே வருத்தப்பட்டும் எழுதியிருக்கிறார். இதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை நான் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன், கண்ணில் பட்டதில்லை. மூத்த மகன் ஹரிலால் 1911இல் அப்பாவிடம் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பி அகமதாபாத் போனார். எதற்கு? பள்ளிக்கூடத்தில் சேர்ந்து மெட்ரிகுலேஷன் படிக்க. அப்போது அவருக்கு 23 வயசு. கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்திருந்தது. காந்தியைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவராவது தேசத்துக்காக ஒரு மணி நேரத்தைத் தவறவிட்டார். நான் எவனோ ஒருவன் கம்பெனிக் கணக்குக்காகத் தவறவிட்டேன்.

மறுநாள் காலையில் பெரியவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். மடியில் தம்பி.

"ஆறாம் வகுப்பு போறியா? ஸ்கூலுக்கு?"

அவள் முகத்தில் என்ன வந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்ல? மதுரையில் இருந்தபோது ரங்கராட்டினத்தில் ஏற்றிவிட்டால், ஏறின அந்த நொடியில் ஒரு முகம் வைப்பாள். அது வந்தது. உடனே போயும்விட்டது.

"நான் போனா தம்பிய யாருப்பா பாக்குறது?"

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. என் மனைவி எட்டிப்பார்த்தாள். அவளுக்கு மூன்று மாசமாக வலி, தூக்கமின்மை, நானும் ஒரு ஆளாக மதித்து எதையும் கேட்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள். பதில் சொல்ல வேண்டியவன் நான் என்று அதில் எழுதியிருந்தது.

"நான் பாப்பேன்" என்றேன்.

"உங்களுக்கு அவன் தலையைப் பிடிக்கத் தெரியாதேப்பா." கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டாள்.

வகுப்பு தொடங்கி ஒரு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. சேர்ப்பார்களா என்று பயந்துகொண்டேதான் அரசுப் பள்ளிக்குப் போனேன். நீங்களும் என் மாதிரி ஆளாக இருந்தால் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயசுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்கவேண்டும், டி.சி. இல்லை என்பதற்காகவோ வருஷம் தொடங்கிவிட்டது என்பதற்காகவோ திருப்பி அனுப்பக் கூடாது என்று நான் மேலே சொன்ன அதே சட்டத்தில் இருக்கிறது. என்னைத் தப்பிக்கவிட்ட சட்டம்தான், அவளை உள்ளே விட்டது. தலைமையாசிரியை பிறந்த தேதியைக் கேட்டார், ஆதார் கேட்டார், ஒரு பாராவை வாசிக்கச் சொன்னார். தடங்கல் இல்லாமல் வாசித்தாள். "நல்லா வாசிக்குதே, வீட்ல யாரு சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து ஒரு பின்னக் கணக்குப் போட்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பையன் மட்டும் என்னோடு இருந்தான். 'மெட்ராஸ் சிஸ்டம்' ஒழிந்தது, இனி நானே வாத்தியார் என்று காலை ஆறிலிருந்து எட்டு வரைக்கும் அவனோடு உட்கார்ந்தேன். ஆகஸ்ட் 25ஆம் தேதியிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் காலை உணவுத் திட்டம் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து கிச்சடி, பொங்கல் என்று தினமும் ஒரு பட்டியல் வாசித்தான். 2885 வரைக்கும் யோசித்த என் தத்துவஞானி, பத்தே நாளில், "அப்பா, நானும் ஸ்கூலுக்குப் போறேன்" என்றான். என் மூன்று வருஷத்துக் கல்விக் கொள்கையை ஒரு கரண்டி ரவா கிச்சடி சாய்த்துவிட்டது. இப்போதும் எனக்கு இரண்டு மனசுதான். ஆற்றங்கரைப் பாடம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நேரம் இருக்கிறவர்கள், நிஜமாகவே உட்காருகிறவர்கள் செய்யலாம். உட்காராமலே பெயர் வாங்கப் பார்த்தேனே, அதுதான்.

வேலை நேரத்தைச் சாயங்காலத்துக்கும் ராத்திரிக்கும் மாற்றிக் கேட்டு வாங்கினேன். சம்பளத்தில் கொஞ்சம் போனது. பகலில் தம்பி என் பொறுப்பு. மூன்று பிள்ளை பெற்றவன், ஒரு பிள்ளையை ஒரு நாள் முழுக்கப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை துணி என்கிறீர்கள்! தூளியை ஆட்டுகிற கை எந்த நொடியில் நிறுத்தலாம் என்பது ஒரு வித்தை. அரை நொடி முன்னால் நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அம்மா திண்ணையில் உட்கார்ந்து, "ஒத்தக் கையால புடிக்காத, கழுத்து" என்று வர்ணனை கொடுத்துக்கொண்டிருப்பாள். ஒரு கையில் அவனை வைத்துக்கொண்டு இன்னொரு கையில் போனில் ஒரு மெசேஜ் அடிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

பெரியவள் முதல் நாள் பள்ளிக்கூடம் போகும்போது நாட்குறிப்பு நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். "விடாம எழுதுங்கப்பா. நான் வந்து பாப்பேன்." சீருடை இன்னும் வரவில்லை, பாவாடை சட்டைதான். தெரு முனையில் திரும்பும் முன்னால் இரண்டு தடவை நின்று பார்த்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், பிறகு இரண்டு கையாலும் புத்தகப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு போனாள்.

நாலரைக்கு வந்தாள். பையை வைத்துவிட்டு, கைகால் கழுவிவிட்டு, நேராக நோட்டைத்தான் எடுத்தாள். சிவப்புப் பேனா வேறு.

"11.40 பால்னு போட்டிருக்கீங்க. அதுக்கப்புறம் ரெண்டரை வரைக்கும் ஒண்ணுமே இல்ல?"

"தூங்கிட்டேன்."

"தூங்கிட்டான்னு எழுதணும்ப்பா."

"இல்லத்தா. அவன் முழிச்சுத்தான் இருந்தான்."

திண்ணையில் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் பேனாவை மூடிவிட்டு, தூளிக்குள் தலையை நீட்டி, "ஏன்டா, அப்பாவை யாருடா பாத்துக்கிட்டது?" என்று கேட்டாள்.